கடலோர மலைப் பாதையில் ஒரு நாள்: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

பினாங்கு நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய ஊரன்று. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோம். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடிமலை ரயிலில் ஏறுகிறோம். பத்து ஃபெரிங்கி மணலில் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். பொழுது சாய்ந்ததும் வேனில் ஏறி, பாதித் தூக்கத்தில் வீடு வந்து சேருகிறோம். ஆனால் பத்து ஃபெரிங்கியைத் தாண்டிச் சில மைல் போனால் சாலை முடிந்து காடும் கடலும் ஒன்றாகத் தொடங்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே இறங்கி நடந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

ஏன் போவதில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "நடக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்? அதைத்தான் தினமும் நடக்கிறோமே" என்பது ஒன்று. "அதெல்லாம் வெள்ளைக்காரனும் பட்டணத்துப் பிள்ளைகளும் போற இடம்" என்பது மற்றொன்று. இரண்டுமே ஏற்கத் தக்கவை அல்ல. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடு பள்ளம் பாராமல் மரத்துக்கு மரம் நடந்த பரம்பரை நம்முடையது. செம்பனைக் காட்டில் குலை சுமந்து நடப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கால் வலுவில் பட்டணத்தார் நமக்கு முன் நிற்க முடியாது. நமக்குத் தேவைப்படுவது ஒரு திட்டம் மட்டுமே. அதிலும் முதலாவதாக முடிவு செய்ய வேண்டியது திரும்பி வரும் நேரம். போகும் நேரம் அதற்குப் பிறகுதான். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எந்த இடம்?

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மீன்பிடிக் கிராமம் தெலுக் பாஹாங். அதன் ஓரத்தில் பினாங்கு தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. முன்பு பந்தாய் ஆச்சே காட்டுப் பாதுகாப்பு நிலம் என்று வழங்கிய இப்பகுதி 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. தரையும் கடலும் சேர்த்து இதன் பரப்பு சுமார் 2,500 ஹெக்டேர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 6,000 ஏக்கருக்கு மேல். ஒரு பெரிய தோட்டத்தின் அளவுதான். தேசியப் பூங்காக்களில் இது மிகச் சிறியது. சிறியது என்பதே நமக்கு வசதி, ஏனெனில் ஒரே நாளில் போய்த் திரும்பி விடலாம்.

இங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. பாதையில் நடக்கும்போது ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த சரிவும் மறுபக்கம் இலைகளின் இடையே மின்னும் நீலக் கடலும் தெரியும். ஏறி இறங்கிய களைப்பு தீரும் இடத்தில் ஒரு மணற்பரப்பு காத்திருக்கும். மலையும் கடலும் ஒரே நடையில் கிடைப்பது எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை.

எந்த வழி?

வாயிலில் பெயரைப் பதிவு செய்தபின் சிறிது தூரம் கடலோரமாகவே போக வேண்டும். பிறகு வழி இரண்டாகப் பிரியும்.

இடப்பக்கம் செல்வது பந்தாய் கெராச்சுட் என்னும் கடற்கரைக்கு. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். பாதை கடலை விட்டு விலகி மலையின் முதுகின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கும். நிழல் உண்டு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதையே நான் சொல்வேன்.

வலப்பக்கம் செல்வது கடலை ஒட்டியே போய், குரங்குக் கடற்கரை என்று பலரும் சொல்லும் தெலுக் டுயோங்கை அடையும். இதுவும் ஏறத்தாழ அதே தூரந்தான். அங்கிருந்து முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்திற்குச் செங்குத்தாக ஏற வேண்டும். 1883 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்த விளக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, மூச்சு வாங்காத பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் உகந்த வழி இது.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்து விடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புயலிலும் மழையிலும் மண் சரிந்து பாதை மூடப்படுவது இப்பூங்காவில் நடப்பதுண்டு. ஆகவே புறப்படுவதற்கு முந்தின வாரமே பூங்கா அலுவலகத்தை அழைத்து எந்தப் பாதை திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்குப் பதிவு தொடங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைப் படித்த பள்ளிப் பிள்ளை ஒருவரிடம் ஒப்படைத்தால் மலாய் மொழியில் பேசிப் பழகிய மாதிரியும் ஆகும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

வகுப்பில் நேரக் கணக்கைக் கற்பிக்கும்போது, "இத்தனை மணிக்குப் புறப்பட்ட பேருந்து எத்தனை மணிக்குச் சேரும்?" என்றுதான் கேட்போம். மலை நடைக்கு அதைத் தலைகீழாகப் போட வேண்டும். இத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்றால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பினாங்கில் சூரியன் மறைவது மாதத்துக்கு ஏற்ப மாலை 7.00 மணியிலிருந்து 7.40 வரை. ஆனால் காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும் என்பதைப் பால்மரக் காட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே மாலை 3.30 மணிக்கு எல்லாரும் வாயிலுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். யாருக்காவது கால் பிசகினாலும் மழை பிடித்துக்கொண்டாலும் இருட்டுவதற்குள் மூன்று மணி நேரம் கையில் இருக்கும்.

அடுத்து, மூன்றரை கிலோமீட்டர் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்து மலையேறி 1892 ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்றும் உலகெங்கும் மலையேறுவோர் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் பாதைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் மைல். அதற்கு 45 நிமிடம். ஏற்றம் 500 அடி என்று வைத்துக்கொண்டால் அதற்கு 15 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம்.

ஆனால் அவர் கணக்கு குளிர் நாட்டில், வலுவான ஆடவர்கள் நிற்காமல் நடப்பதற்கு. நம் பாதையில் வேர்களும் படிகளும் வழுக்கும் பாறைகளும் உண்டு. வெக்கையோ சொல்லி மாளாது. ஏழு வயதுப் பிள்ளை நின்று நின்று எறும்பைப் பார்க்கும். ஆகவே குடும்பத்தோடு போனால் அதை இரு மடங்காக்குங்கள். போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். இப்போது பின்னாலிருந்து எண்ணுவோம்.

வாயிலுக்குத் திரும்புவது 3.30.
கடற்கரையை விட்டுப் புறப்படுவது 1.30.
கடற்கரையில் சாப்பாடும் ஓய்வும் 2 மணி நேரம், ஆகவே அங்கே சேர வேண்டியது 11.30.
நடக்கத் தொடங்குவது 9.30.
பதிவு, கழிப்பறை, காலைப் பசியாறல் ஆகியவற்றுக்கு 1 மணி நேரம், ஆகவே தெலுக் பாஹாங்கில் இறங்குவது 8.30.

சுங்கைப் பட்டாணிப் பக்கத்திலிருந்து வேனில் வருவோர் பாலத்தைக் கடந்து அங்கே சேர இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் வீட்டில் புறப்படுவது 6.30. பெரட்டுக்கு எழுந்து பழகியவர்களுக்கு இதில் சிரமம் இல்லை. கூலிம், நிபோங் திபால் பக்கத்தவர்கள் தம் தூரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வாகனம் இல்லாதவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து கடலைக் கடந்தும் போகலாம். பழைய பெரிய ஃபெர்ரிகள் 2020 ஆம் ஆண்டு முடிவோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். அக்கரையில் இறங்கினால் 101 ஆம் எண் பேருந்து பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங்குக்குப் போகும். பேருந்துப் பயணத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இன்னும் முன்னதாகப் புறப்பட வேண்டும்.

இந்த நேரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வரும் பெரியவர்கள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போடுங்கள். இது வேடிக்கையன்று. இதன் பயன் பின்னால் தெரியும். அதன் நகல் ஒன்றை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, "ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் முதலில் கூப்பிடு, பதில் இல்லாவிட்டால் 999ஐ அழை" என்று சொல்லி வையுங்கள். மலையின் மடிப்புக்குள் கைப்பேசிக்குச் சில இடங்களில் அலை கிடைக்காது. கைப்பேசி இருக்கிறதே என்று தாளை விட்டுவிடக் கூடாது.

பாட்டியை எப்படி அழைத்துப் போவது?

நம் குடும்பங்களில் வயதானவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வராது. முட்டி வலிக்கும் பாட்டியையும் கைக்குழந்தைக்காரியையும் மலையேறச் சொல்லவும் முடியாது. இதற்கும் வழி இருக்கிறது. தெலுக் பாஹாங் படகுத் துறையிலிருந்து இந்தக் கடற்கரைகளுக்குப் படகுகள் போகின்றன. நடக்கக் கூடியவர்கள் பாதையால் போக, நடக்க முடியாதவர்கள் ஒரு துணையோடு படகில் வந்து அதே மணலில் சேர்ந்து கொள்ளலாம். சோற்றுச் சட்டியும் படகிலேயே வந்துவிடும்!

படகில் ஏறுமுன் மூன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். போக வர மொத்தம் எத்தனை வெள்ளி, திரும்ப அழைத்துப்போக எத்தனை மணிக்கு வருவார், எல்லாருக்கும் மிதவைச் சட்டை உண்டா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு படகைப் பாருங்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் படகையே எண்ண வேண்டாம்.

கால், தண்ணீர், சோறு

காலில் எதைப் போடுவது? நூற்றுக் கணக்கில் வெள்ளி கொடுத்துச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை. 'அடிடாஸ் கம்போங்' என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, பால் வெட்டுக்குப் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, வழுக்குப் பாதையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்நாட்டில் மலை ஓட்டப் பந்தயக்காரர்களே அதைத்தான் போடுகிறார்கள். காலுறையோடு போடுங்கள். புதிதாக வாங்கினால் ஒரு வாரமாவது போட்டுப் பழகிய பிறகே மலைக்குப் போடுங்கள். சிலிப்பர் போட்டு வருகிறவரை வாயிலிலேயே நிறுத்தி வைப்பது நல்லது.

தண்ணீர் பெரியவர்களுக்கு ஆளுக்கு 2 லிட்டர், பிள்ளைகளுக்கு 1 லிட்டர். இரண்டு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு 7 லிட்டர், அதாவது 7 கிலோ எடை. அப்பா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். பிள்ளைகள் தங்கள் தண்ணீரைத் தாங்களே சுமக்கட்டும். குடிக்கக் குடிக்கச் சுமை குறையும் என்று சொன்னால் ஆவலாகக் குடிப்பார்கள்.

சோற்றில் கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக்கும் தேங்காய்ச் சட்னியும் வெயிலில் நண்பகலுக்குள் கெட்டுப்போகும். நம் புளிச்சோறு தாங்கும். அதோடு நன்றாக வறுத்த நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். நடக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள வேர்க்கடலையும் பனை வெல்லமும் எடுத்துக்கொள்ளலாம்.

உணவைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிடாதீர்கள். அங்குள்ள குரங்குகள் அந்தப் பையின் சலசலப்பை நன்றாக அறியும். முதுகுப் பைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். குரங்குக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அது அதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பொட்டலத் தாளையும் முட்டை ஓட்டையும் திரும்பக் கொண்டு வந்து விடுங்கள்.

மேலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மழைச் சட்டை, கைவிளக்கு, விசில், காயக்கட்டு, அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, தினம் சாப்பிடும் மருந்து. இனிப்புநீர் நோய் உள்ளவர்கள் மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலி, இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

கடலும் ஓடையும் மழையும்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே அது பழமொழி மட்டுமல்ல.

பந்தாய் கெராச்சுட்டின் மணல் அழகானது. ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. அடியில் இழுக்கும் நீரோட்டமும் கொட்டும் ஜெல்லி மீனும் உண்டு. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கடலைக் கண்டபின் சொன்னால் காதில் ஏறாது. ஒரு சிறு போத்தலில் காடி கொண்டு போங்கள். மளிகைக் கடையில் சுக்கா என்று கேட்டால் கிடைக்கும். ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், காடியை ஊற்றி உடனே உதவி தேட வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாளை நாம் மறக்க முடியாது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குப் பின் பினாங்கின் கரையில் ஆழிப்பேரலை ஏறியது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். விடுமுறை நாளைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்திருந்தவர்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலும் கடல் திடீரென்று பின்வாங்கித் தரை தெரிந்தாலும், மீன் பொறுக்க ஓடாமல் உடனே மலைப் பக்கம் ஏறிவிட வேண்டும். இந்தப் பாதையில் மலை முதுகுக்குப் பின்னாலேயே இருப்பது நமக்கு நல்லதே.

ஓடைகளும் அப்படித்தான். 2021 ஆகஸ்டு 18 ஆம் நாள் கெடாவின் யான் வட்டாரத்தில் ஜெராய் மலையிலிருந்து நீர்ப்பெருக்கு மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு இறங்கி ஆறு பேரின் உயிரைக் கொண்டு போயிற்று. கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இதற்கு நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதே இல்லை. மலை உச்சியில் பெய்தால் போதும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும், சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

மாதங்களில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு. செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. எந்த மாதமானாலும் அன்று காலை மலைக்கு மேல் கருமேகம் கட்டியிருந்தால் பயணத்தை மாற்றுங்கள். தாவரப் பூங்காவுக்குப் போகலாம். சோறு எங்கே தின்றாலும் சோறுதான்.

பெரட்டு எடுப்போம்

காட்டு நடையில் பெரும்பாலான சங்கடங்கள் பாம்பாலும் குரங்காலும் வருவதில்லை. கூட்டம் பிரிவதால் வருகின்றன. இளைஞர்கள் முன்னால் பாய்ந்து போவார்கள். பெண்கள் பேசிக்கொண்டே பின்தங்குவார்கள். நடுவில் ஒரு பிள்ளை தனியாக வந்துகொண்டிருக்கும். பாதை பிரியும் இடத்தில் அது எப்பக்கம் திரும்பும்?

இதற்குத் தோட்டத்து முறையே சிறந்தது. மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் ஒரு பெரியவர் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று தலை எண்ணுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு இருபத்து மூன்று பேர் பந்தாய் கெராச்சுட்டுக்குப் போனோம். பணி ஓய்வு பெற்ற தண்டல் தாத்தா ஒருவரைத் தலைவராக்கினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் பழைய பழக்கத்தில் பெரட்டு எடுத்தார். பிள்ளைகள் "வந்தேங்க!" என்று கூவியதில் காடே சிரித்தது.

மணி ஒன்றேகால் இருக்கும். சாப்பிட்டு முடித்த வாலிபர்கள் சிலர் அடுத்த கடற்கரையான தெலுக் கம்பியையும் பார்த்துவிட வேண்டும் என்றார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரந்தான் தாத்தா. ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துடுறோம்."

தாத்தா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். "ஒன்றரைக்குப் பொறப்படணும்னு எழுதியிருக்கு. கீழே இருக்கிறது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்புறம் என்னப்பா? அந்தக் கடற்கரை எங்கேயும் ஓடிப் போயிடாது. அடுத்த வருஷம் அங்கே போவோம்."

முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கினார்கள். வாயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. அதற்குள் ஏற்ற இறக்கமெல்லாம் கடந்து கடலோரச் சமதரைக்கு வந்துவிட்டோம். நனைந்தோம், ஆனால் யாரும் வழுக்கி விழவில்லை. வாயிலில் தாத்தா கடைசிப் பெரட்டு எடுத்தபோது இருபத்து மூன்று குரலும் கேட்டன. கையெழுத்து எதற்கு என்று அன்று எல்லாருக்கும் விளங்கிற்று. நேரத்தைத் தாளில் எழுதி வைத்தால், கடற்கரையில் நின்று பெரியவரும் சிறியவரும் வாதாட வேண்டியதில்லை. சொல்வது தாத்தா அல்லர், தாள்!

பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

இத்தனை ஏற்பாடும் எதற்காக? பார்ப்பதற்காக. பந்தாய் கெராச்சுட்டில் மணலுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. மழையும் ஓடையும் தரும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து வரும் உப்புநீர் அடியிலும், இரண்டும் கலக்காமல் இருப்பது அதன் அதிசயம். உப்புநீர் கனமானது என்பதே காரணம். வறண்ட மாதங்களில் ஏரி வற்றிக் கிடப்பதும் உண்டு. வீட்டிலேயே இதைச் செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பை நிறையக் கரைத்து, அதன்மேல் சாயம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றினால் இரண்டு அடுக்காக நிற்கும். பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை ஏரியை வெறும் குட்டை என்று சொல்லாது.

அதே கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலும், சிறிய ரிட்லி ஆமைகள் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் முட்டையிட இக்கரைக்கு வருகின்றன. வானத்தை அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடுவதைக் காணலாம். கிளைகளில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட கறுப்பு மந்திகள் அமைதியாக இலை தின்னும்.

காட்டில் ஜெலுத்தோங் மரமும் உண்டு. அதுவும் பால் தரும் மரமே. ஒரு காலத்தில் அதன் பாலை எடுத்து மெல்லும் மிட்டாய் செய்தார்கள். எங்களோடு வந்த பால்வெட்டுக்கார அம்மா ஒருவர் அதன் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் மரத்துக்குள்ளேயே நடந்தேன் வாத்தியாரய்யா. வேலையில்லாம மரத்தைப் பாத்துக்கிட்டு நடந்தது இன்னிக்குத்தான்" என்றார். அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. உழைத்துத் தேய்ந்த அந்தக் கால்களுக்கு அப்படியொரு நாள் உரியது. அவர்களின் பிள்ளைகளுக்கும் அது உரியது. காடு என்பது வேலைக்காடு மட்டுமல்ல என்பதை அவர்கள் சிறு வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

அன்பு வாசகர்களே! வரும் விடுமுறைக்கு முன் ஒரு மாலை, அண்டை அயலார் இரண்டு மூன்று குடும்பங்களாக உட்காருங்கள். கோப்பி குடித்துக்கொண்டே தாளை எடுத்து முதல் வரியில் திரும்பும் நேரத்தை எழுதுங்கள். மற்றவற்றை அதற்கு மேலே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போங்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். எழுதுகோலை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.